தொண்டையில் வெள்ளை படிந்தால் ஸ்டீராய்டை நிறுத்த வேண்டுமா?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு முப்பதைத் தாண்டிய வயது. சோறும் கறியும் நெஞ்சுக்குழியில் சிக்கி நிற்பதாக நீண்ட நாள் தொல்லை. கோவைக்கு இறங்கி எண்டோஸ்கோப்பி செய்து, உள்ளிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்ததில் 'ஈசினோஃபிலிக் ஈசோஃபஜைடிஸ்' என்ற உணவுக்குழாய் நோய் என்று வந்திருக்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் நெபுலைசரில் ஊற்றும் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தேனில் குழைத்து விழுங்கச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாடு சிக்குவது நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் இப்போது நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளையாகப் படிந்து, விழுங்கினால் எரிகிறது. "ஸ்டீராய்டு போட்டால் இப்படித்தான், நிறுத்திவிடு" என்கிறார்கள் உறவினர்கள். தெரிந்தவர் ஒருவரோ, குழைத்து விழுங்குவதை விட்டுவிட்டு ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று ஒரு அட்டையையே கையில் கொடுத்திருக்கிறார். தம்பிக்கு இப்போது கேரட் தோட்டத்தில் வேலை. அதற்கு முன் பல வருடம் கூடலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் இருந்தவர். இரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு கூடுதலாக இருக்கிறது. நிறுத்தலாமா, மாத்திரைக்கு மாறலாமா, தேன் சேர்ப்பதால்தான் பூஞ்சை வந்ததா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை அட்டையைத் தொடவே தொடாதீர்கள். வாயில் படிந்திருக்கும் வெள்ளையை இந்த வாரத்துக்குள் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். பார்க்கப் பயமாக இருக்கும் இந்த வெள்ளை சுலபமாகத் தீரக்கூடியது. தீங்கில்லாததுபோல் தெரியும் அந்த அட்டையில்தான் ஆபத்து இருக்கிறது. எஸ்டேட் ஆஸ்பத்திரிகளிலும் பிறகு குன்னூரிலும் பொது மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலையில் மண்ணோடு வேலை செய்கிறவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்கும்போது கேட்க வேண்டிய சில கேள்விகளைப் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை.

இந்த நோய் 1990-களின் தொடக்கத்தில்தான் தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. அதுவரை இதையும் நெஞ்செரிச்சல் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வாமைக்குக் கிளம்பும் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் உணவுக்குழாயின் சுவரில் வந்து குவிகின்றன. நுண்ணோக்கியில் ஒரே பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் தெரிந்தால், அதற்கேற்ற அறிகுறிகளும் இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லையென்றால், இந்த நோய் என்று முடிவு செய்வார்கள். ஆண்களிடம் அதிகம். ஆஸ்துமா, தும்மல், தோல் அரிப்பு உள்ளவர்களிடமும் அதிகம். சும்மா விட்டால் குழாயின் சுவர் தடித்து, வளையம் வளையமாக இறுகி, கடைசியில் ஒரு துண்டு இறைச்சி சிக்கி நள்ளிரவில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஆம்புலன்ஸில் இறங்க வேண்டி வரும். உறவினர்கள் ஸ்டீராய்டுக்குப் பயப்படும்போது, மருந்தில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தம்பி விழுங்கும் புடெசோனைடு அந்தச் சுவரைத் தொட்டு அங்கேயே வேலை செய்வதற்காகக் கொடுக்கப்படுவது. அப்படியே குடித்தால் தண்ணீர்போல் இறங்கிவிடும் என்பதால்தான் கெட்டியான ஒன்றில் குழைக்கச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு வேளைக்கு 1 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. வயிற்றுக்குப் போய் உறிஞ்சப்படுவதிலும் பத்தில் ஒன்பது பங்கைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்க வைத்துவிடும். ஆகவே உடம்பு முழுவதும் பரவுவது மிகக் குறைவு. உணவுக்குழாய்க்கென்றே செய்த புடெசோனைடு மாத்திரைக்கு ஐரோப்பாவில் 2018-இலும், குழம்புபோன்ற திரவ மருந்துக்கு அமெரிக்காவில் 2024-இலும் அனுமதி கிடைத்தது. நம் ஊரில் பெரும்பாலும் நெபுலைசர் மருந்தையே இப்படிக் குழைத்துப் பயன்படுத்துகிறோம்.

சுவரைத் தொட்டு வேலை செய்வதால்தான் அந்த வெள்ளையும் வருகிறது. கேண்டிடா என்ற பூஞ்சை ஆரோக்கியமான பலரின் வாயிலேயே குடியிருப்பது. அந்த இடத்தின் எதிர்ப்பை ஸ்டீராய்டு கொஞ்சம் தணிக்கும்போது அது தழைக்கிறது. விழுங்கும் ஸ்டீராய்டால் வரும் தொற்றுகளில் முதலிடம் இதற்குத்தான். பலருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. அடுத்த எண்டோஸ்கோப்பியில் டாக்டர் கண்ணில் பட்டால்தான் தெரியும். மற்றவர்களுக்கு உங்கள் தம்பிக்கு வந்ததுபோல் வாயில் தயிர் ஒட்டியது மாதிரி வெள்ளை, சுவை கெட்டுப்போவது, விழுங்கும்போது எரிச்சல் என்று வரும். உடம்பையே அரித்துவிடும் என்ற பயம் இதற்குப் பொருந்தாது. சாதாரண எதிர்ப்புச்சக்தி உள்ளவரிடம் இந்தப் பூஞ்சை மேற்பரப்போடு நிற்கும்.

சிகிச்சையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெள்ளை வாயோடு நின்றால், வாயில் தடவும் க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட்டோ நிஸ்டாட்டின் சொட்டோ போதும். விழுங்கும்போதே வலியோ எரிச்சலோ இருந்தால் உணவுக்குழாய்க்குள்ளும் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வாயில் தடவுவது அங்கே போய்ச் சேராது. அப்போது ஃப்ளூகோனசோல் மாத்திரை, தினம் 200 முதல் 400 மில்லிகிராம் வரை, 14 முதல் 21 நாள். மருந்துக்கடையில் வாய்ப்பூஞ்சை என்று சொன்னால் 150 மில்லிகிராம் ஒற்றை மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அது பெண்களுக்கு வரும் வேறொரு பூஞ்சைத் தொல்லைக்கான அளவு. உணவுக்குழாய்க்கு அது காணாது. இரண்டு நாள் எரிச்சல் தணிந்து மறுபடி கிளம்பும். வீட்டில் எல்லோரும் "ஸ்டீராய்டு விடாது போல" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஃப்ளூகோனசோல் தொடங்கும் முன் மற்ற மருந்துகளின் பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போடுகிறவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு இரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போகலாம்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஈரத் துணியோடும் பூட்ஸோடும் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குப் படர்தாமரை வருவது சகஜம். அதற்கு இட்ராகோனசோல் கேப்சூலை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புடெசோனைடைக் கல்லீரல் உடைக்கிறது என்றேனே, அந்த வேலையை இட்ராகோனசோல் முடக்கிவிடும். அப்போது தொண்டையோடு நிற்க வேண்டிய ஸ்டீராய்டு இரத்தத்தில் ஏறி, முகம் உப்பி, சர்க்கரை கூடி, உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டும் அடங்கிப்போகும். கீட்டோகோனசோல் மாத்திரையும், எச்.ஐ.வி. மருந்துகளில் சேரும் ரிட்டோனாவிரும் இதே வேலையைச் செய்பவை. ஃப்ளூகோனசோலுக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. ஆனால் இரண்டு மூன்று வாரத்துக்கு டாக்டர் பார்வையில் போட்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. தோல் டாக்டரிடம் போகும்போது தொண்டை மருந்தைச் சொல்லுங்கள். தொண்டை டாக்டரிடம் போகும்போது தோல் மருந்தைச் சொல்லுங்கள். தம்பிக்குப் படர்தாமரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதற்குப் போடும் மாத்திரையின் பெயரை இன்றே பாருங்கள்.

எண்டோஸ்கோப்பியில் ஏற்படும் ஒரு குழப்பமும் இந்த இடத்தில் முக்கியம். ஈசினோஃபிலிக் நோயே உணவுக்குழாயில் வெண்புள்ளிகளைத் தரும். ஈசினோஃபில்கள் கூட்டமாகச் சேர்ந்து மேலே பொருக்குத் தட்டியதுபோல் நிற்கும். கேண்டிடாவும் வெள்ளைதான். கேமராவில் மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே சில நேரம் கஷ்டம். நோய் அடங்காததால் வந்த வெண்புள்ளியைப் பூஞ்சை என்று நினைத்தால், தேவையில்லாமல் பூஞ்சை மருந்து போகும், குழாய் இறுகிக்கொண்டே வரும். பூஞ்சையை நோய் என்று நினைத்தால் ஸ்டீராய்டு அளவு கூட்டப்படும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆகவே மறு எண்டோஸ்கோப்பியில் வெள்ளை தெரிந்தால் சதைத்துணுக்கு எடுத்தார்களா, அதைப் பூஞ்சைக்கான சாயம் போட்டுப் பார்த்தார்களா என்று ரிப்போர்ட்டில் தேடுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். கோவைக்கு இறங்கி ஏறுகிற ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் அதற்காவது பயன்படட்டும்.

கேண்டிடாவுக்கு அடுத்து ஹெர்பிஸ் வைரஸ். இது குறைவாகவே வரும், வந்தால் வேறு மாதிரி இருக்கும். நேற்று வரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று காய்ச்சல், எச்சிலைக்கூட விழுங்க முடியாத வலி, சிலருக்கு உதட்டோரம் கொப்புளம். உள்ளே சிறுசிறு புண்களாக இருக்கும். ஈசினோஃபிலிக் நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே இது வந்ததாகவும் பதிவுகள் உண்டு. அதனால் எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போட முடியாது. அசைக்ளோவிர் கொடுத்தால் கேட்கும். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் மருந்துக்கடைக்கல்ல, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சலைன் ஏற்ற வேண்டி வரும்.

இப்போது அந்த அட்டை. நீங்கள் எழுதிய பெயர் பிரெட்னிசலோன். ஆஸ்துமா திணறலுக்கும் மூட்டு வீக்கத்துக்கும் டாக்டர்கள் எழுதும் அருமையான மருந்துதான் அது. ஆனால் இந்த நோய்க்கு அதை வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. குழைத்து விழுங்குவதைவிடப் பெரிதாக எந்த ஆதாயமும் இல்லை. தீமையோ உடம்பு முழுவதற்கும். தொண்டையோடு நிற்கும் ஸ்டீராய்டுக்கும் இரத்தத்தில் ஓடும் ஸ்டீராய்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உறவினர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுடைய பயம் நியாயமானதுதான். அது பாய வேண்டிய இடம் இந்த அட்டை.

உங்கள் தம்பி விஷயத்தில் எனக்கு முதலில் உறுத்துவது, கூடலூர் எஸ்டேட்டில் இருந்த வருடங்களும் இரத்தத்தில் கூடியிருக்கும் ஈசினோஃபிலும். இந்த நோயிலும் ஆஸ்துமாவிலும் இரத்தத்தில் ஈசினோஃபில் கொஞ்சம் கூடலாம். குடல் புழுவிலும் கூடும். புழுக்களில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்கிறேன். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று பெயர். வியட்நாமிலிருந்து வயிற்றுப்போக்கோடு திரும்பிய பிரெஞ்சுப் படைவீரர்களிடம் 1876-இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. மலம் கலந்த ஈர மண்ணில் இருக்கும் இதன் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய், இரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து, சளியோடு விழுங்கப்பட்டுக் குடலில் குடியேறுகிறது. வெதுவெதுப்பும் ஈரமும் நிழலும் சேர்ந்த மண் அதற்கு வாகு. கூடலூர், பந்தலூர், குஞ்சப்பனைச் சரிவுகளில் செருப்பில்லாமல் இலை பறித்தவர்கள், லைன் வீடுகளுக்குக் கழிப்பறை வருவதற்கு முன் அங்கே வளர்ந்தவர்கள் என்றால் இந்தக் கேள்வியை நான் கட்டாயம் கேட்பேன்.

மற்றப் புழுக்கள் ஆயுள் முடிந்தால் செத்துப்போகும். இது குடலுக்குள்ளேயே குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சு மறுபடி குடல் சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து உள்ளே புகும். வெளியிலிருந்து ஒரு புழுவும் புதிதாக வராமலே பத்து இருபது வருடம் ஒருவருக்குள் இருக்க முடியும். அந்த ஆளுக்கு ஒரு தொல்லையும் தெரியாது. எப்போதாவது வயிற்றுவலி வரும். இடுப்பிலோ புட்டத்திலோ கோடு போட்டதுபோல் வேகமாக நகரும் அரிப்புத் தடிப்பு தெரியும். அப்படி ஒன்று தம்பிக்கு வந்ததுண்டா என்று கேளுங்கள். இப்படிப்பட்ட உடம்பில் பிரெட்னிசலோன் போனால், புழுவை இதுவரை அடக்கி வைத்திருந்த எதிர்ப்பு விலகிவிடுகிறது. குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பெருகி நுரையீரல், மூளை என்று பரவும். போகும்போது குடலின் பாக்டீரியாக்களையும் இழுத்துக்கொண்டு போகும். இரத்தத்தில் கிருமி, நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று முடியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தும் பலர் பிழைப்பதில்லை. ஸ்டீராய்டு ஈசினோஃபிலை அடக்கிவிடுவதால், அந்த நேரத்தில் இரத்தப் பரிசோதனை நன்றாகவே தெரியும், யாருக்கும் சந்தேகமும் வராது. அதனால்தான் முன்னாலேயே தேட வேண்டும் என்கிறேன்.

விழுங்கும் புடெசோனைடில் இந்த ஆபத்து மிகமிகக் குறைவு. அதற்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஈசினோஃபில் கூடியிருக்கும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு இந்தப் பரிசோதனையை எப்படியும் செய்துவிடுவது நல்லது. நாளைக்கே ஆஸ்துமா திணறி ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டி வரலாம். ஒரு முறை மலம் பார்த்து ஒன்றும் இல்லை என்றால் போதாது, இந்தப் புழு தினமும் தென்படாது. வெவ்வேறு நாளில் மூன்று முறையாவது பார்க்க வேண்டும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பார்க்கும் சோதனையும் இருக்கிறது. கோவையில் உள்ள பெரிய லேப்களில் விசாரியுங்கள். பள்ளியில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரையைத் தானும் போட்டுக்கொண்டேன் என்று தம்பி சொல்லலாம். அது உருண்டைப்புழுவுக்குக் கேட்கும், இதற்குக் கேட்காது. இதற்குரிய மருந்து ஐவர்மெக்டின். எடைக்கு ஏற்ப, 60 கிலோ உள்ளவருக்கு 12 மில்லிகிராம், ஒன்று அல்லது இரண்டு நாள். ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய மருந்து இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது, கேள்வியைக் கேட்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாத்திரை ஸ்டீராய்டு எழுப்பிவிடும் இன்னொன்று காசநோய். தினம் 15 மில்லிகிராமுக்கு மேல் ஒரு மாதம் பிரெட்னிசலோன் போனாலே, நுரையீரலில் உறங்கிக்கிடக்கும் கிருமி விழிக்கலாம். வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்ததா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, எடை குறைகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர்க்கட்டிகளிலிருந்து காசநோய் உணவுக்குழாயையும் பிடிக்கும், அப்போதும் சாப்பாடு சிக்கும். உங்கள் தம்பிக்குச் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டதால் அந்தச் சந்தேகம் பெரிதாக இல்லை. சின்னம்மை வராதவர்கள் மாத்திரை ஸ்டீராய்டு போடும் காலத்தில் அம்மை போட்ட வீட்டுக்குப் போகக் கூடாது. போய்விட்டால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி சோதனையும் அவசியம். தம்பி ஏற்கெனவே அந்த மாத்திரையைச் சில வாரம் போட்டுப் பார்த்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். அப்படிப் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மறுபடி வெள்ளைக்கு வருகிறேன். அது திரும்பத் திரும்ப வந்தால் காரணம் தேட வேண்டும். சர்க்கரை பாருங்கள், எச்.ஐ.வி. சோதனையும் செய்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரும் அடிக்கிறார் என்றால் வாயில் படியும் ஸ்டீராய்டு இரட்டிப்பாகும். அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோல் வகை மாத்திரைகளும், அடிக்கடி போடும் ஆன்டிபயாடிக்கும், பீடியும் பூஞ்சைக்கு வசதி செய்து கொடுப்பவை. மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். நோய் அடங்கியபின் பலருக்குக் குறைந்த அளவே போதும். ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளவே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. பால், கோதுமை, முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் உணவு முறை ஒன்று. இந்த நோய்க்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் என்ற ஊசி இன்னொன்று, விலை மிக அதிகம்.

விழுங்கும் முறையையும் சரிபாருங்கள். காலை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைசியாக விழுங்க வேண்டும். அதன்பின் அரை மணி நேரம் தண்ணீர், டீ எதுவும் கூடாது. அரை மணி கழித்து வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், அந்தத் தண்ணீரை விழுங்கக் கூடாது. விடியற்காலைக் குளிரில் தோட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் மருந்தை விழுங்கிய கையோடு ஒரு கிளாஸ் சூடு டீயை இறக்கினால், மருந்தும் வயிற்றுக்குப் போய்விடும். காலையில் சரிப்படவில்லை என்றால் அந்த வேளையை எப்போது போடலாம் என்று டாக்டரிடமே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தேன் பற்றிக் கேட்டீர்கள். பூஞ்சைக்குக் காரணம் தேன் இல்லை, ஸ்டீராய்டுதான். ஒரு தேக்கரண்டி அளவு தேன் போதும், இரண்டு மூன்று கரண்டி ஊற்றினால் கலவை கூடி, மருந்தின் ஒரு பகுதி கிண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தம்பிக்குச் சர்க்கரை இருப்பதாகத் தெரியவந்தால் தேனை விட்டுவிட்டு, சர்க்கரைக்காரர்கள் டீயில் போடும் சுக்ரலோஸ் பொடியில் குழைத்துக் கொடுங்கள்.